ஆட்சி மாறினால் ஓய்வூதியம் யார் தலையில்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

காலனி ஆட்சிகள் முடிவுக்கு வந்தபோது அவற்றின் அலுவலர்களுக்கு ஓய்வூதியத்தையும் இழப்பீட்டையும் யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி முன்பு ஒரு கட்டுரையில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இரண்டு வகையானவர்கள் எழுதியிருக்கிறார்கள். கல்லூரி விவாதப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள் ஒரு வகை. "விடுதலை பெற்ற நாடு கொடுப்பதா, ஆண்டுவிட்டுப் போன நாடு கொடுப்பதா? எந்தப் பக்கம் பேசினால் நியாயம்?" என்று கேட்கிறார்கள். இன்னொரு வகை, தங்கள் அரசுத் துறை நிறுவனமாக மாறப்போகிறது என்று அஞ்சும் ஊழியர்கள். அவர்கள் முன்னால் ஒரு விருப்பப் படிவம் இருக்கிறது. மொத்தமாக வாங்கிக்கொண்டு விலகுவதா, மாதாமாதம் நம்பி இருப்பதா என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

இரண்டும் ஒரே கேள்விதான். வேலைக்கு வைத்தவர் போய்விட்டார், வாக்குறுதி இருக்கிறது, யார் காப்பாற்றுவது?

கருவூலத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் ஓய்வூதியப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் முதலில் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். அளவுகோல் இல்லாமல் ஒப்பிட்டால் யார் குரல் உயர்ந்ததோ அவர் பக்கமே நியாயம் என்று ஆகிவிடும்.

## எதை வைத்து அளப்பது?

விலைவாசி யார் பொறுப்பு? 1948-இல் நல்ல தொகையாக இருந்தது 1975-இல் பால் கணக்குக்கே பற்றாது. இடையில் ஏறும் விலையை அரசு தாங்குகிறதா, முதியவர் தாங்குகிறாரா?

எந்த நாணயம்? வேலை ஒரு நாட்டில், முதுமை இன்னொரு நாட்டில் என்றால் நாணய மாற்று விகிதம்தான் அவருடைய சோறு.

கஜானாவுக்கு இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு? புதிதாகப் பிறந்த அரசுக்கு உணவு தானியம் வாங்க வேண்டும், பள்ளி கட்ட வேண்டும். அதே பையிலிருந்துதான் இதுவும் போக வேண்டும்.

மக்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? தன்னை ஆண்டவருக்குத் தன் வரிப்பணம் ஆண்டுதோறும் போவதை எந்த நாட்டு மக்களும் நெடுநாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேசையில் இல்லாதவர் யார்? பேச்சுவார்த்தையில் பெயர் வராத எழுத்தர், கடைநிலை ஊழியர், கைம்பெண். ஒப்பந்தங்களில் அதிகம் விடுபட்டவர்கள் இவர்கள்தான்.

இந்தக் கடைசி அளவுகோல் என் மனத்தில் பதிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில், ஓய்வூதியர் நேர்காணலுக்கு ஒரு மூதாட்டி வந்தார். கணவர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மஞ்சள் பையிலிருந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செலோ டேப் ஒட்டிய ஆணையை எடுத்து என் முன் வைத்தார். பெருவிரலை மைத்திண்டில் அழுத்தியபடியே, "மக்களே, ராஜா போய்விட்டார். ராஜா கொடுத்த காசும் ஒருநாள் போய்விடுமா?" என்று கேட்டார். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்த இணைப்பின்போது யாரோ ஓய்வூதியப் பொறுப்பையும் சேர்த்து எழுதியிருந்ததால் அவருக்குப் பணம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எழுதாமல் விட்டிருந்தால்? அன்று முதல் எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் அந்தப் பெருவிரலோடுதான் படிக்கிறேன்.

## வழி 1: மொத்தமாகக் கட்டித் தீர்ப்பது (இந்தியா, 1948)

ஐ.சி.எஸ்., இந்தியப் போலீஸ் முதலிய பணிகளில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்திய வருவாயிலிருந்து ஓய்வூதியம் பெறும் உரிமை உடையவர்கள். 1947-ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு அந்தப் பணி உரிமைகளைக் காத்தது. ஆகவே விடுதலை நாளன்றே புதிய அரசின் தோளில் ஆண்டுதோறும் பிரிட்டிஷ் நாணயமான பவுனில் செலுத்த வேண்டிய ஒரு சுமை இருந்தது.

அதே நேரம் பிரிட்டன் இந்தியாவுக்குக் கடன்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிடமிருந்து வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் லண்டனில் பற்று எழுதி வைத்த ஸ்டெர்லிங் இருப்பு 100 கோடிப் பவுனுக்கு மேல் இருந்தது. இருக்கிறதே தவிர, நினைத்தபோது எடுக்க முடியாது. போரில் நொடித்துப்போன பிரிட்டன் அதைத் தவணை தவணையாகத்தான் விடுவித்தது.

1948 கோடையில் கோயம்புத்தூர்க்காரரான நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் தலைமையில் இந்தியக் குழு லண்டன் சென்றது. ஜூலையில் உடன்பாடு வந்தது. மத்திய அரசின் ஓய்வூதியப் பொறுப்புக்கு 14.75 கோடிப் பவுன், மாகாணங்களின் பொறுப்புக்கு 2.05 கோடிப் பவுன், ஆக 16.8 கோடிப் பவுன் அந்த இருப்பிலிருந்து கழிக்கப்பட்டது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 224 கோடி ரூபாய். அதற்கு ஈடாக, ஓய்வூதியங்களைக் கொடுப்பதற்காகப் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் ஓர் ஆண்டுத்தொகையை இந்தியாவுக்குத் தரப் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைவார்கள், தேவையும் குறையும், தொகையும் குறையும். பிறகு 1955-இல் பிரிட்டன் இந்த ஓய்வூதியங்களை வழங்கும் பொறுப்பையே நேரடியாக எடுத்துக்கொண்டு அதற்கென நாடாளுமன்றத்தில் சட்டமும் இயற்றியது.

இதை இந்தியா ஏமாந்த கதையாகச் சொல்பவர்கள் உண்டு. பஞ்சமும் அகதிகளும் சூழ்ந்த நாட்டில் 224 கோடியை ஆண்டுவிட்டுப் போனவர்களின் முதுமைக்குக் கொடுப்பதா என்ற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் செட்டியார் பக்கம்தான். காரணம் எளிது. எடுக்க முடியாமல் முடங்கிக் கிடந்த பணத்தைக் கொடுத்து, தவிர்க்க முடியாத ஒரு கடனை அடைத்தார்கள். அதோடு நாணய மாற்று இடரும் தலையைவிட்டு இறங்கியது.

அது எவ்வளவு பெரிய இடர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1948-இல் ஒரு பவுன் 13 ரூபாய் 33 காசு மதிப்பு. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது ஒரு பவுன் 21 ரூபாய் ஆயிற்று. ஆண்டுக்கு 300 பவுன் வாங்கும் ஒருவருக்கு அன்றுவரை 4,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தால், மறுநாள் முதல் 6,300 ரூபாய் கட்ட வேண்டும். வறட்சியும் அமெரிக்கக் கோதுமையுமாக இருந்த அந்த ஆண்டில் இந்தச் சுமையும் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மறைந்திருக்கும் செலவும் உண்டு. மொத்தத் தொகையைக் கணக்கிடும்போது எந்த வட்டி விகிதத்தை எடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். வட்டியைக் குறைவாக வைத்தால் இன்று கட்ட வேண்டிய தொகை பெருகும். எத்தனை பேர், எத்தனை வயதுவரை வாழ்வார்கள் என்ற மதிப்பீடும் அப்படியே. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் நம் பக்கத்தில் இல்லாவிட்டால் பேச்சுவார்த்தைக்குப் போகவே கூடாது.

எப்போது ஏற்றது: எதிர்த்தரப்பு உங்களுக்குக் கடன்பட்டிருக்கும்போது, உங்கள் நாணயம் சரியும் என்ற அச்சம் இருக்கும்போது, ஓய்வூதியர்கள் எண்ணிக்கை இனி அதிகரிக்காது என்று உறுதியாகும்போது.

## வழி 2: புதிய அரசே ஆண்டுதோறும் கொடுப்பது (கிழக்கு ஆப்பிரிக்கா, 1960-கள்)

கிழக்கு ஆப்பிரிக்கக் காலனிகளிடம் லண்டனில் இந்தியாவைப் போன்ற இருப்பு இல்லை. ஆகவே விடுதலையின்போது "முன்பு பணியாற்றிய அலுவலர்களுக்கு ஓய்வூதியம் தருவோம்" என்று பிரிட்டனோடு ஓர் அலுவலர் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இலங்கையும் 1947 நவம்பரில் இப்படியோர் உடன்படிக்கை செய்துகொண்டதுதான்.

காகிதத்தில் இது இயல்பாகவே தெரியும். அலுவலர் அந்த நாட்டுக்காக உழைத்தார், அந்த நாடு கொடுக்கிறது. ஆனால் அவரை நியமித்தது லண்டன். அவர் நிறைவேற்றியது லண்டன் வகுத்த கொள்கையை. அந்த நாட்டு மக்களின் வாக்கு அவரை அங்கே கொண்டுவரவில்லை.

பணிவாழ்வு பாதியில் முறிவதற்கான இழப்பீட்டைப் பொறுத்தவரை 1960 அக்டோபரில் வெளியான வெள்ளை அறிக்கைக்குப் பிறகு பிரிட்டன் பாதிச் செலவை ஏற்றது. மீதிப் பாதி புதிய நாட்டின் பங்கு. அந்தப் பங்கைக் கட்டப் பிரிட்டனே கடனும் கொடுத்தது. அதாவது பிரிட்டிஷ் அதிகாரிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைப் பிரிட்டனிடமே கடன் வாங்கிக் கட்ட வேண்டும்; அந்தக் கடனைக் காப்பியும் சிசல் நாரும் விற்று அடைக்க வேண்டும். இந்த இடத்தில் எனக்கு வரும் கோபத்தை அடக்க முடியவில்லை.

தான்சானியா 1961 டிசம்பர் 9-இல் தாங்கனிக்காவாக விடுதலை பெற்றது. 1968-இல் ஜூலியஸ் நைரேரேயின் அரசு, விடுதலைக்கு முந்தைய பணிக்கான ஓய்வூதியத்தை இனித் தர மாட்டோம், அது பிரிட்டனின் பொறுப்பு என்று அறிவித்தது. பிரிட்டன் உதவியை நிறுத்தியது. இரண்டு அரசுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் யார்? எங்கோ ஒரு பிரிட்டிஷ் சிற்றூரில் கடிதப் பெட்டியைப் பார்த்துக் காத்திருந்த ஓய்வுபெற்ற நில அளவையர்தான்.

நைரேரேயின் வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அதை நிறைவேற்றிய முறை முதியவர்களைப் பிணையாக வைத்த முறை. நியாயத்தைப் பேசிப் பெறுவது வேறு, காசோலையை நிறுத்திப் பெறுவது வேறு.

மறைந்திருக்கும் செலவு: உதவித் தொகை, கடன், வர்த்தகம் என்று எதைப் பேசப் போனாலும் இந்த ஓய்வூதியம் குறுக்கே வந்து நிற்கும். கணக்குப் புத்தகத்தில் சிறிய தொகை. உறவில் பெரிய முள்.

எப்போது ஏற்றது: அலுவலர்கள் பெரும்பாலும் அந்த மண்ணிலேயே ஓய்வு பெற்று வாழும்போது. மாநிலங்கள் பிரியும்போதும் இது பொருந்தும். 2014-இல் ஆந்திரம் பிரிந்தபோது ஓய்வூதியப் பொறுப்பை மக்கள்தொகை விகிதப்படி இரண்டு மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இரு பக்கமும் சொந்த மக்கள், ஒரே நாணயம் என்பதால் அங்கே அது வேலை செய்யும்.

## வழி 3: நியமித்தவரே ஏற்பது (பிரிட்டன், 1970–73)

தான்சானியா முள்ளாகக் குத்திய பிறகு, ஓய்வூதியர் சங்கத்தாரும் விடாமல் அழுத்திய பிறகு, விடுதலைக்கு முந்தைய பணிக்கான ஓய்வூதியங்களைத் தானே ஏற்பதாகப் பிரிட்டன் 1970-இல் அறிவித்தது. 1973-ஆம் ஆண்டின் அயலக ஓய்வூதியச் சட்டம் அதற்கு வழி செய்தது. நாடு நாடாக உடன்பாடு போட்டுப் பொறுப்பு கைமாறியது.

என் தீர்மானம் இதுதான்: ஆளை எடுத்தவரே முதுமைக்கும் பொறுப்பு. விலைவாசி ஏறினால் உயர்த்திக் கொடுக்க அவருக்குத்தான் வலு. நாணய மாற்றுச் சிக்கலும் இல்லை. புதிய நாட்டின் சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் இதைப் பற்றிச் சண்டை வராது.

அப்படியானால் ஏன் முதலிலேயே செய்யவில்லை? 1961-இல் செய்திருக்க வேண்டியதைச் செய்யப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயிற்று. முதுமையில் பன்னிரண்டு ஆண்டு என்பது பலருக்கு மிச்ச வாழ்நாள் முழுவதும். இந்த வழியின் மறைந்திருக்கும் செலவு காத்திருப்புதான். ஏற்றுக்கொள்ள வேண்டியவர் தானாக முன்வர மாட்டார். சங்கம் வேண்டும், கடிதம் வேண்டும், நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப ஆள் வேண்டும்.

1997-இல் பிரிட்டனிடமிருந்து சீனாவிடம் கைமாறவிருந்த ஹாங்காங்கின் அலுவலர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 1997-க்குப் பிறகும் ஓய்வூதியம் தொடரும், ஓய்வு பெற்றவர் எந்த நாட்டவர் ஆனாலும், எங்கே வாழ்ந்தாலும் கிடைக்கும் என்று ஹாங்காங் அடிப்படைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு சொல்கிறது. அதோடு நில்லாமல், ஹாங்காங் டாலர் சரிந்தால் பவுன் மதிப்பில் பாதுகாப்பு வேண்டும் என்று லண்டனிடம் கேட்டார்கள். 1996-இல் அதற்கும் இழப்பீட்டுக்கும் பிரிட்டனில் தனிச் சட்டம் வந்தது. ஆட்சி மாறுவதற்கு முந்தைய ஆண்டே இது முடிந்துவிட்டது. தான்சானியாவில் பணியாற்றியவர்களுக்குக் கிடைக்காத கொடுப்பினை.

எப்போது ஏற்றது: நியமித்தவர் இன்னும் வலுவாக இருக்கும்போது. நிறுவனமாக மாறப்போகும் துறையின் ஊழியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2000 அக்டோபர் 1-இல் தொலைத்தொடர்புத் துறை பி.எஸ்.என்.எல். ஆனபோது, உள்வாங்கப்பட்ட ஊழியர்களுக்கு மத்திய அரசே ஓய்வூதியம் வழங்கும் என்பது ஓய்வூதிய விதிகளிலேயே 37-ஏ என்று சேர்ந்தது. நிறுவனம் பிற்காலத்தில் நட்டத்தில் விழுந்தபோது அந்த ஒரு விதியின் அருமை தெரிந்தது.

## வழி 4: அன்றைய தொகையில் உறையவைப்பது (பிரான்ஸ், 1959)

இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. செய்யக் கூடாத வழி. விடுதலை பெற்ற நாடுகளின் குடிமக்களாகிவிட்டவர்களின் ஓய்வூதியத்தை அன்றைய தொகையிலேயே நிறுத்தும் பிரிவு ஒன்று 1959 டிசம்பரில் பிரான்சின் நிதிச் சட்டத்தில் நுழைந்தது. ஒரே படையில் ஒரே பதவியில் இருந்த இருவரில் பிரெஞ்சுக் குடிமகனுக்கு ஆண்டுதோறும் உயர்வு, செனகல்காரருக்குப் பழைய தொகை. புதுச்சேரியில் 'சொல்தா' என்று அழைக்கப்படும் பிரெஞ்சு ஓய்வூதியர்களின் வசதியைப் பார்த்தவர்களுக்கு, ஒரு குடியுரிமைத் தாள் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும்.

செனகலைச் சேர்ந்த அமது தியோப் என்பவரின் வழக்கில் 2001 நவம்பர் 30-இல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்றது. 2010 மே 28-இல் அரசியலமைப்பு மன்றமும் இந்த ஏற்பாட்டின் முக்கியப் பிரிவுகளை அடித்தது. ஐம்பது ஆண்டு. வழக்கு நடத்தியவர்களில் கணவனை இழந்த பெண்களும் உண்டு.

## ஒரே பார்வையில்

| வழி | இன்றைய சுமை | விலைவாசி, நாணய இடர் யார்மேல் | உடையும் வாய்ப்பு |
|---|---|---|---|
| மொத்தமாகக் கட்டுவது | மிக அதிகம் | வாங்கிக்கொண்டவர் மேல் | குறைவு |
| புதிய அரசு ஆண்டுதோறும் | குறைவு | புதிய அரசின் மேல் | அதிகம் |
| நியமித்தவர் ஏற்பது | புதிய அரசுக்கு இல்லை | நியமித்தவர் மேல் | குறைவு, ஆனால் தாமதம் |
| உறையவைப்பது | மிகக் குறைவு | முதியவர் மேல் | நீதிமன்றத்தில் உடையும் |

## இழப்பீடு: போகிறவருக்கா, இருப்பவருக்கா?

ஓய்வூதியத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு கேள்வி இது. ஓய்வூதியம் செய்த வேலைக்கு. இழப்பீடு செய்ய முடியாமல் போன வேலைக்கு.

1947-இல் சர்தார் படேல் இதில் கறாராக இருந்தார். பிரிட்டிஷ் அதிகாரியின் பணிவாழ்வு முறிகிறது, அவருக்கு இழப்பீடு பேசலாம்; இந்திய அதிகாரி தன் சொந்த அரசின்கீழ்த் தொடர்கிறார், அவருக்கு எதற்கு இழப்பீடு என்று கேட்டார். ஏப்ரல் 30-இல் வெளியான பிரிட்டிஷ் அறிவிப்பு பெரும்பாலும் அந்த வழியே போனது. அதற்கு மாற்றாக, தொடர்ந்த அதிகாரிகளின் பணி உரிமைக்கு அரசியலமைப்பின் 314-ஆம் பிரிவில் உறுதி கிடைத்தது. 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் படேல் அதற்காக வாதாடினார். அந்த உறுதியை 1972-இல் 28-ஆவது திருத்தம் நீக்கியது. அரசியலமைப்பில் எழுதிய வாக்குக்கே ஆயுள் 22 ஆண்டுதான். மாதாமாதம் நம்பலாம் என்று நினைக்கும் வாசகர்கள் இதையும் ஒரு கல்லாகத் தராசில் போடட்டும்.

நைஜீரியாவில் சிக்கல் எதிர்ப்பக்கம்: இழப்பீடே பிரிட்டிஷ் அதிகாரிகளைக் கிளம்பத் தூண்டியது. ரொக்க இழப்பீட்டின் அட்டவணை, நாற்பதை ஒட்டிய வயதில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கும்படி அமைந்திருந்தது. அனுபவம் முற்றிய மாவட்ட அதிகாரி விளக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டால், இந்த ஆண்டே கிளம்புவதுதான் லாபம் என்று விடை வரும். நாட்டுக்கு அவர் மிகவும் தேவைப்படும் நேரம் அது. 1958-இல் 'ஸ்பெஷல் லிஸ்ட் பி' என்ற ஏற்பாடு வந்தது. உச்சத் தொகையை அப்படியே நிறுத்தி வைப்போம், அதில் ஒரு பகுதியை முன்பணமாகத் தருவோம், நீங்கள் இருங்கள் என்றது. முதலிலேயே அட்டவணையைத் தட்டையாக வைத்திருந்தால் இந்த ஒட்டு வேலை தேவைப்பட்டிருக்காது.

விருப்பப் படிவத்தோடு இருக்கும் வாசகர்களுக்கு என் பதில் இது. ஐம்பதைத் தாண்டியவர், உடல்நலம் சரியில்லாதவர், கடன் அழுத்துபவர் ரொக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். மற்றவர்கள் மாத ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் யார் கொடுப்பார் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். அரசின் பெயர் விதியில் ஏறும்வரை சங்கத்தோடு நில்லுங்கள். அகவிலைப்படி என்ற சொல் இருக்கிறதா, குடும்ப ஓய்வூதியம் என்ற சொல் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள்.

விவாத மாணவர்களுக்கு: ஆண்ட நாடே கொடுக்க வேண்டும் என்ற பக்கம் பேசுங்கள். எதிரணி 1948-ஐக் காட்டும். அன்று இந்தியாவிடம் இருப்பு இருந்தது, தாங்கனிக்காவிடம் இல்லை என்று சொல்லுங்கள். ஓய்வூதியம் கருணை அல்ல, உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 1971-இலும், அரசு ஓய்வூதியர்கள் தொடுத்த நகரா வழக்கில் 1982 டிசம்பர் 17-இலும் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு இரண்டு அணியையும் பார்த்து ஒன்று கேளுங்கள். நைரோபியிலும் தார் எஸ் ஸலாமிலும் பேரேடு எழுதிய, ரயில் நிலையத்தில் டிக்கெட் கிழித்த, அங்கேயே வேலைக்கு எடுக்கப்பட்ட இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் அதே அரசுக்குத்தான் உழைத்தார்கள். லண்டன் நேரடியாக நியமித்தவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தில் அவர்கள் பெயர் பெரும்பாலும் வரவில்லை. அவர்களுக்கு எந்த வழி?